முடக்கில் கிளம்பும் சில்லு

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 64. களுவாஞ்சிக்குடியில், கடற்கரைப் பக்கம் வீடு. பள்ளிக்கூடம் போன காலம் முழுக்கச் சைக்கிள்தான் ஓடினேன். இப்போது வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. நிறுத்தும்போது காலை ஊன்றப் பயமாக இருப்பதால் சைக்கிளை விட்டுவிட்டேன். சைக்கிள் மிதிப்பது காலுக்கு நல்லது என்றுதான் கிளினிக் டொக்டர் சொல்கிறார். கனடாவில் இருக்கும் மகள், மின்சார மூன்று சில்லுச் சைக்கிள் ஒன்று வாங்கும்படி காசு அனுப்பியிருக்கிறாள். போன கிழமை கல்முனையில் ஒரு கடையில் ஒன்றை ஓடிப் பார்த்தேன். நேராகப் போகச் சுகமாக இருந்தது. கடைக்குத் திரும்பி வருவதற்கு வலப்பக்கம் வெட்டியபோது பின் வலது சில்லு நிலத்தை விட்டுக் கிளம்பிவிட்டது. பயத்தில் ஹாண்டிலை விட்டுக்கொடுத்தேன், சில்லு கீழே வந்தது, மதகுக் கட்டுக்குக் கிட்ட போய் நின்றேன். மீற்றரில் 10, 11தான் காட்டியதாம், கடைக்காரப் பையன் சொன்னான். மூன்று சில்லு இருந்தும் ஏன் சரிந்தது? வண்டியில் பிழையா, என்னில் பிழையா? வாங்கலாமா? பேத்தியை முன்பள்ளிக்கு அதில் கூட்டிப் போகலாமா?

பதில்:

ரீச்சர், வண்டியிலும் பிழையில்லை, உங்களிலும் பிழையில்லை. அந்த முடக்குக்கு அந்த வேகம் கூடிவிட்டது. 10 கிலோமீற்றர் வேகத்துக்கே இப்படியா என்று நீங்கள் யோசிப்பது விளங்குகிறது. அது சும்மா வளவுக்குள் ஓடும் வேகம்தான். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தச் சில்லு கிளம்பாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். இன்னொன்று, பயத்தில் ஹாண்டிலை விட்டுக்கொடுத்தீர்களே, செய்ய வேண்டியதே அதுதான். முடக்கை அகலமாக்கினால் சில்லு தானாக இறங்கும். மதகு அவ்வளவு கிட்ட இருந்ததுதான் கரைச்சல்.

மட்டக்களப்பில் என் பட்டறையில், கால் இயலாதவர்களுக்குக் கையால் சுற்றி ஓடும் மூன்று சில்லு வண்டிகளைத் திருத்துவதும் ஆளுக்கேற்ப மாற்றிக் கொடுப்பதும்தான் முக்கிய வேலை. மோட்டர் பூட்டியவையும் இப்போது வரத் தொடங்கியிருக்கின்றன. வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது உங்கள் கேள்வியைத்தான், "மூன்று சில்லு எப்படி விழும்?" என்று.

நிற்கும்போது விழாது. அதற்காகத்தான் மூன்று சில்லு. இரண்டு சில்லுச் சைக்கிள் நிற்கும்போது விழும், ஓடும்போது விழாது. ஏனென்றால் முடக்கில் நீங்களும் சைக்கிளும் சேர்ந்து உள்பக்கம் சரிகிறீர்கள். வெளியே தள்ளும் விசையும் உங்கள் பாரமும் சேர்ந்து ரயர் நிலத்தைத் தொடும் இடத்துக்கே வந்து இறங்குகின்றன. மூன்று சில்லு வண்டியால் அப்படிச் சரிய முடியாது. நிமிர்ந்தபடிதான் திரும்பும். அப்போது வெளியே தள்ளும் விசை முழுவதையும் வண்டியின் அகலமும் உங்கள் பாரமும் மட்டுமே தாங்க வேண்டும். அந்தத் தாங்குசக்திக்கு ஓர் எல்லை இருக்கிறது.

அந்த எல்லையைக் காசாகச் சொல்கிறேன், உங்களுக்குக் கணக்கு இலேசாக இருக்கும். நீங்கள் ஓடியது போன்ற நிமிர்ந்து இருக்கும் வண்டியில் பின் சில்லுகளுக்கு இடையில் ஏறத்தாழ 65 செ.மீ. இருக்கும். பாதி 32 என்று எண்ணிவிட வேண்டாம். முன்னுக்கு ஒரு சில்லுதானே. மேலிருந்து பார்த்தால் வண்டி நிற்பது ஒரு முக்கோணத்தில். நீங்களும் வண்டியும் சேர்ந்த பாரத்தின் நடு, பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழுகிறது. அந்த இடத்தில் முக்கோணத்தின் பாதி அகலம் 24 செ.மீ. அளவுதான். பாரத்தின் நடு நிலத்திலிருந்து 80 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைப்போம். 24ஐ 80ஆல் பிரித்தால் நூற்றுக்கு 30. உங்கள் கையில் 30 ரூபாய் இருக்கிறது. அது முடிந்தால் சில்லு கிளம்பும்.

இனிச் செலவு. வெளியே தள்ளும் விசை மொத்தப் பாரத்தில் நூற்றுக்கு எவ்வளவோ, அத்தனை ரூபாய் செலவு. வெட்டித் திரும்பும் முடக்கின் ஆரம் 3 மீற்றர் என்று எடுப்போம். 5 கிலோமீற்றர் வேகத்தில் திரும்பினால் 6 ரூபாய் 50 சதம் போகும். 10 கிலோமீற்றர் வேகத்தில் 13 ரூபாய் என்று நினைப்பீர்கள். இல்லை, 26 ரூபாய். வேகம் இரண்டு மடங்கானால் செலவு நாலு மடங்கு. முடக்கில் சரிகிற விபத்துகளுக்கு முக்கிய காரணம் இந்த ஒரு வரிதான்.

அதோடு நீங்கள் வலப்பக்கம் வெட்டினீர்கள். மழைத் தண்ணீர் ஓடுவதற்காக வீதியின் நடுவை உயர்த்தி, இரண்டு கரைக்கும் சரிவாகத்தான் போடுவார்கள். அந்தச் சரிவு நூற்றுக்கு 3 அளவில் இருக்கும். நாங்கள் இடப்பக்கம் ஓடுகிறவர்கள், ஆகவே வண்டி எப்போதும் கொஞ்சம் இடப்பக்கம் சரிந்துதான் இருக்கிறது. இடப்பக்கம் திரும்பினால் அந்தச் சரிவு உங்களுக்கு 3 ரூபாய் தரும். வலப்பக்கம் வெட்டினால் 3 ரூபாய் எடுக்கும். 26உம் 3உம் 29. மீற்றர் 11ஐத் தொட்ட உடனே கணக்கு 30ஐத் தாண்டிவிட்டது. உள்பக்கம், அதாவது வலது சில்லு கிளம்பியது. அவ்வளவுதான் நடந்தது.

சரி, அப்போ அகலமான, பதிவான, அதாவது உயரம் குறைந்த வண்டி வாங்கினால் போதாதா? போட்டுப் பார்ப்போம். சாய்மணையோடு கதிரை மாதிரி இருக்கையும், முன்னுக்குக் கால் நீட்டி மிதிக்கும் பெடலும் உள்ள வண்டிகள் இருக்கின்றன. அவற்றில் பாரத்தின் நடு 65 செ.மீ. உயரத்துக்கு இறங்கும். பின் சில்லுகளுக்கு இடையில் 75 செ.மீ. என்று வைத்தால் உங்கள் கையில் 43 ரூபாய். நல்ல வித்தியாசம்தான். ஆனால் அதே முடக்கில் எவ்வளவு வேகத்தில் திரும்பலாம் என்று பார்த்தால், 10 இருந்த இடத்தில் 12ஐச் சற்றே தாண்டுகிறது. இரண்டு கிலோமீற்றர் சொச்சம்தான் லாபம். உடம்பை உள்பக்கம் நன்றாகச் சரித்துக் கொடுத்தால் இன்னொரு கிலோமீற்றர் கிடைக்கலாம்.

இதை ஏன் இவ்வளவு இழுத்துச் சொல்கிறேன் என்றால், நல்ல வண்டி வாங்கிவிட்டோம், இனிப் பயமில்லை என்ற நினைப்புத்தான் ஆளை விழுத்துகிறது. எந்த வண்டியை வாங்கினாலும் வெட்டுகிற முடக்கில் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட வேண்டும். கடைக்காரத் தம்பிமார் "25 ஓடும் அம்மா, 30 ஓடும் அம்மா" என்பார்கள். ஐரோப்பாவில் மின்சாரச் சைக்கிளுக்கு 250 வாட் மோட்டர், 25 கிலோமீற்றரோடு மோட்டர் உதவி நின்றுவிட வேண்டும் என்று சட்டம். அந்த 25இலும்கூட நீங்கள் ஓடிய வண்டி சில்லு கிளம்பாமல் திரும்ப, சமதரையிலேயே 16 மீற்றருக்கு மேல் ஆரம் வேண்டும். எங்கள் ஒழுங்கைகளில் அப்படி முடக்கு எங்கே இருக்கிறது? உங்களுக்கு 15 ஓடினால் தாராளம். மோட்டரைக் கட்டுப்படுத்தும் பெட்டியில் உச்ச வேகத்தைக் குறைத்து வைக்கும் வசதி பெரும்பாலான வண்டிகளில் உண்டு. அதை 15க்குக் குறைத்துக் கொடுத்தால்தான் காசு என்று சொல்லுங்கள். மகள் கோபிக்க மாட்டா.

சைக்கிள் ஓடிப் பழகியவர்களுக்கு இது முதலில் கஷ்டமாக இருக்கும், சைக்கிளே ஏறாதவர்கள் கெதியாகப் பழகிவிடுவார்கள். பட்டறையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. சைக்கிளில் உடம்பு இடப்பக்கம் சரிந்தால் கை தானாக ஹாண்டிலை இடப்பக்கம் திருப்பிச் சமாளிக்கும். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகாது. மூன்று சில்லு வண்டியில் வீதிச் சரிவு உங்களை இடப்பக்கம் சாய்க்க, கை இடப்பக்கம் திருப்ப, வண்டி கானை நோக்கிப் போகும். நீங்கள் மதகுக்குக் கிட்ட போனதிலும் இதற்கு ஒரு பங்கு இருந்திருக்கும். இதை விட்டொழிக்க ஒரே வழி, ஹாண்டிலைக் கார் சுக்கான் மாதிரிப் பிடிப்பதுதான். திருப்பினால் திரும்பும், திருப்பாவிட்டால் திரும்பாது, சமநிலை பிடிப்பது உங்கள் வேலையே இல்லை.

வீட்டிலேயே பழகிப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். வண்டி வந்த அன்று, வளவில் சீமெந்துத் தரையில் அதை நிறுத்தி, பின் வலது சில்லுக்குக் கீழே 2 செ.மீ. தடிப்பான பலகைத் துண்டு ஒன்றை வையுங்கள். பிறேக்கைப் பூட்டிவிட்டு ஏறி இருங்கள். 65 செ.மீ. அகலத்தில் 2 செ.மீ. என்பது வீதிச் சரிவு மூன்றுக்குச் சரி. இரண்டு விரல் தடிப்புக்கூட இல்லாத பலகைதான், ஆனாலும் இடப்பக்கம் வழுக்கி விழப் போவது மாதிரி இருக்கும். ஹாண்டிலை இறுக்கிப் பிடிப்பீர்கள். தோளைத் தளர விட்டு, இடுப்பை மட்டும் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்து பழகுங்கள். வீதியில் ஓடும்போது வரும் கை இறுக்கம் பாதி அதிலேயே போய்விடும்.

அப்புறம் மைதானம். பள்ளிக்கூட மைதானம் ஒன்றைக் கேட்டு வாங்குவது உங்களுக்குப் பெரிய வேலையாக இருக்காது. மோட்டரை நிறுத்தி வைத்து, வெறும் பெடலில் ஓடுங்கள். தேங்காய் மட்டைகளைத் தள்ளித் தள்ளி வைத்து எட்டுப் போடுங்கள். முடக்குக்கு முன்னமே பிறேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறேக்கை விட்டுவிட்டுத் திரும்புங்கள். திரும்பிக்கொண்டிருக்கும்போது பிறேக் பிடிக்க வேண்டாம். பிடித்தால் பாரம் முன்னுக்குப் பாயும். முன்னுக்கு முக்கோணம் ஒடுங்கியது என்று சொன்னேன் அல்லவா, உங்கள் 30 ரூபாய் அந்த நேரம் பார்த்துக் குறைந்துவிடும். இது கைக்குப் பழகிய பிறகுதான் மோட்டரைப் போட வேண்டும், அதுவும் ஆகக் குறைந்த நிலையில்.

மோட்டரிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விலை குறைந்த வண்டிகளில், பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும் ஒரு கருவிதான் இருக்கும். நீங்கள் மிதிக்கத் தொடங்கிச் சற்றுப் பிந்தி மோட்டர் இழுக்கும், மிதிப்பதை நிறுத்திய பிறகும் ஒரு கணம் இழுத்துக்கொண்டிருக்கும். நேர் வீதியில் அது தெரியவே தெரியாது. முடக்கின் நடுவில் அப்படி ஓர் இழுவை வந்தால் தெரியும். பிறேக் நெம்பைத் தொட்டவுடன் மோட்டரை வெட்டும் சுவிச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முடக்குக்குச் சற்று முன்னால் நெம்பை ஒரு விரலால் தொட்டுவிட்டால் போதும். அந்தச் சுவிச் இல்லாத வண்டி வேண்டாம். கையால் முறுக்கி ஓடும் வகை என்றால், ஏறும்போதும் இறங்கும்போதும் சாவியை நிறுத்தி வையுங்கள். ஹாண்டிலைப் பிடித்து எழும்பும்போது கை தன்னையறியாமல் முறுக்கிவிடும், வண்டி உங்களுக்கு முதலே புறப்பட்டுவிடும்.

காலைப் பற்றி ஒன்று. ஓடும்போது, நிற்கப் போகும்போது, எந்தக் காரணத்துக்கும் காலை நிலத்தில் வைக்க வேண்டாம். சைக்கிளில் வைத்துப் பழகியவர்களுக்கு இது சொல்ல இலேசு, செய்யக் கஷ்டம். பின் சில்லு உங்கள் குதிக்காலுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் வந்துகொண்டிருக்கிறது. ஊன்றிய காலில் ஏறிவிடும். உங்கள் வலது முழங்காலுக்கு அது தாங்காது. பிறேக் பிடித்து, வண்டி முழுக்க நின்று, பிறேக்கைப் பூட்டிய பிறகு கால். அதேபோல் சாரி. முந்தானையும் கொசுவத்தின் நுனியும் சிக்குவதற்குச் சைக்கிளில் ஒரு சில்லுதான் இருந்தது. இதில் இரண்டு பக்கமும் சில்லு, நடுவில் சங்கிலி. சங்கிலியை முழுக்க மூடும் உறையும், பின் சில்லுகளுக்கு அகலமான மட்காட்டும் இருக்க வேண்டும். முந்தானையை இடுப்பில் செருகிவிட்டு ஏறுங்கள்.

நான் ஆகக் கூடப் பயப்படுவது முடக்குக்கு அல்ல, கொங்கிறீற்று ஒழுங்கைகளின் விளிம்புக்கு. போட்ட புதிதில் கரைக்கு மண் அணைத்திருப்பார்கள். ஒரு மாரி போனால் மண் அரித்து விளிம்பு வெளியே தெரியும். எதிரே ஓட்டோ வர, நீங்கள் ஒதுங்க, இடது பின் சில்லு கீழே இறங்கிவிடும். 10 செ.மீ. இறங்கினால் உங்கள் 30இல் 15 ரூபாய் அதிலேயே போய்விட்டது. அந்த நிலையில் மேலே ஏறுவதற்காக ஹாண்டிலை வலப்பக்கம் வெட்டினால் மிச்சமும் போகும், வண்டி இடப்பக்கம் புரளும். அதனால் சில்லு இறங்கிய உடனே ஹாண்டிலை நேராக வைத்து நில்லுங்கள். பின்னால் வாகனம் வருகிறதா என்று பார்த்து உயர்ந்த பக்கமாக, அதாவது வலப்பக்கமாக இறங்குங்கள். இடப்பக்கம் இறங்கினால் உங்கள் பாரமே வண்டியை உங்களுக்கு மேல் கவிழ்க்கும். பிறகு தள்ளி ஏற்றுங்கள், அல்லது யாரையும் கூப்பிடுங்கள். ஒழுங்கைக்குள் ஓட்டோவுக்கு வழி விட வேண்டியது நீங்களல்ல. நடுவில் நில்லுங்கள், அவன் பார்த்துப் போவான்.

மணல் ஒழுங்கையில் விழ மாட்டீர்கள், புதைவீர்கள். அங்கே எந்தப் பின் சில்லுக்கு விசை போகிறது என்பது முக்கியம். மலிவான வண்டிகளில் ஒரு பின் சில்லுதான் இழுக்கும், மற்றது சும்மா உருளும். இரண்டு சில்லும் ஒரே அச்சில் இறுகி இருந்தால் வண்டி திரும்பாது. முடக்கில் வெளிச் சில்லு கூடத் தூரம் ஓட வேண்டும் அல்லவா? இங்கிலாந்தில் கொவென்றி நகரில் ஜேம்ஸ் ஸ்ராலி என்பவர் 1877இல் தன் மூன்று சில்லு வண்டிக்குப் பூட்டிய பற்சக்கர அமைப்புத்தான் இதற்குத் தீர்வு. இன்று பஸ், லொறி எல்லாவற்றின் பின் அச்சிலும் இருக்கும் டிஃபரென்ஷியல் அதுதான். அது உள்ள வண்டி நேராகப் போகும், ஒரு பக்கம் இழுக்காது. ஆனால் மணலில் ஒரு சில்லு சுழன்றால் மற்றதும் சோர்ந்துவிடும், மாயம் ஒன்றும் இல்லை. முன் சில்லுக்குள் மோட்டர் வைத்த வகையை உங்கள் பக்கத்துக்கு நான் சொல்ல மாட்டேன். முன்னுக்குப் பாரம் குறைவு, மணலில் அந்தச் சில்லு சுழன்று குழி தோண்டும். கடற்கரைப் பக்கம் வீடு என்பதால் 2 அங்குலத்துக்குக் குறையாத ரயர் எடுங்கள். மிச்சத்துக்கு இறங்கித் தள்ளத்தான் வேண்டும்.

இனி எந்த வண்டி. உங்கள் காலுக்கு, இருக்கையில் இருந்தபடியே இரண்டு பாதமும் முழுக்க நிலத்தில் படுகிற, நடுச் சட்டம் தாழ்ந்த வண்டி வேண்டும். சாய்மணை வைத்த வகை முடிந்தால் நல்லது, ஆனால் இருக்கை முழங்கால் மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் எழும்ப முடியாது. எழும்பிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். முன்னுக்கு இரண்டு சில்லு வைத்தவை முடக்கில் பிறேக் பிடித்தாலும் தாங்கும், உண்மை. ஆனால் அவற்றில் பல நிலத்தோடு ஒட்டி இருப்பவை, உங்கள் முழங்காலுக்கு அது சரிவராது. உடம்போடு சேர்ந்து சரியும் மூன்று சில்லு வண்டிகளும் உண்டு. அவற்றில் நிற்கும்போது சமநிலை பிடிக்க வேண்டி வரலாம். நீங்கள் சைக்கிளை விட்டதே அதற்காகத்தானே, ஆகவே வேண்டாம்.

கடைக்குப் போகும்போது தையல் நாடா ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். பின் ரயர்களின் நடுவிலிருந்து நடு வரை அளவுங்கள். 70க்கு மேல் என்றால் சந்தோஷம், 60க்குக் கீழே என்றால் வெளியே வந்துவிடுங்கள். ஆனால் உங்கள் வீட்டுப் படலையையும் அளந்துகொண்டு போக வேண்டும். அச்சு நுனிகளோடு மொத்த அகலம் இன்னும் 10, 15 செ.மீ. கூடும். பின் சில்லு 20 அங்குலம் இருந்தால் 24ஐ விட நல்லது. கூடை பதிவாகும், சில்லும் கட்டியாக இருக்கும். சரியாத வண்டி என்பதால் முடக்கில் சில்லைப் பக்கவாட்டில் மடக்கும் விசை சைக்கிளில் இல்லாதது. 14 கேஜ், அதாவது 2 மில்லிமீற்றர் கம்பி போட்ட சாதாரண சைக்கிள் சில்லு அதற்குக் காணாது. 12 கேஜ் கம்பி 2.6 மில்லிமீற்றர் இருக்கும், அதைக் கேளுங்கள். முன் பிறேக் மட்டும் உள்ள வண்டியை எடுக்க வேண்டாம். பாரத்தில் நாலில் மூன்று பங்கு பின்னால் இருக்கிறது, கிறவலில் முன் சில்லு மட்டும் பூட்டினால் அது வழுக்கிக்கொண்டு போகும்.

பற்றரியைப் பற்றிச் சுருக்கமாக. ஈய அமில வகை பாரம், ஆனால் பதிவாகப் பூட்டியிருந்தால் அந்தப் பாரம் வண்டிக்கு நல்லதே. இறங்கிய நிலையில் விட்டுவைத்தால் செத்துவிடும், ஓடி வந்த அன்றே சார்ஜில் போட வேண்டும். லித்தியம் வகை பாரம் குறைவு, ஆயுள் கூட. வெள்ளத்தில் ஒருமுறை முங்கினால் அதைச் சார்ஜ் பண்ணவே கூடாது. மார்கழியில் தண்ணீர் ஏறும் வளவு என்றால் பற்றரியைக் கழற்றி உயரத்தில் வையுங்கள். உப்புக் காற்றுக்கு இணைப்பு முனைகளில் கிறீஸ் பூசிவிட வேண்டும்.

காசு கட்டும் முன்னால் மோட்டரின் வாட் அளவும் உச்ச வேகமும் எழுதிய தாளைக் கடையில் வாங்கி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் காட்டிப் பதிவும் அனுமதிப்பத்திரமும் தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரன் வாயால் சொல்வது போதாது.

பேத்தி விஷயம். கூடைக்குள் வைத்து வேண்டாம் ரீச்சர். கூடை மரக்கறிக்கு. பிள்ளை பின் அச்சுக்குப் பின்னால் இருந்தால் முன் சில்லில் பாரம் இன்னும் குறையும், ஹாண்டில் பிடிக்காது. அது ஒன்று. பிள்ளை சும்மா இருக்காது என்பது இன்னொன்று. நீங்கள் வலப்பக்கம் திரும்பும் நேரம் பார்த்து, கடையில் எதையோ கண்டு அவ இடப்பக்கம் எட்டிப் பார்ப்பா. எல்லாவற்றையும் விட மோசம், சில்லுக் கம்பிக்குள் போகும் சின்னக் கால். கம்பனியே பின் இருக்கையும், பட்டியும், சில்லை மூடிய தகடும் வைத்துச் செய்த வண்டி என்றால் ஆறு மாதம் தனியே ஓடிப் பழகிய பிறகு யோசிக்கலாம். அதுவரை அவவை நடத்திக் கூட்டிப் போங்கள், அல்லது ஓட்டோ. மற்றபடி அரிசி, தேங்காய் எல்லாம் கூடையின் அடியில் வைத்தால் வண்டி இன்னும் உறுதியாக நிற்கும். காஸ் சிலிண்டரை மட்டும் ஏற்ற வேண்டாம். உயரம், உருளும், வெறும் சிலிண்டரின் பாரமும் சேர்ந்தால் ஒரு பிள்ளையை விடக் கனம்.

கடைசியாக உங்கள் பிரதான வீதி. கல்முனை பக்கமிருந்து வந்தால் கடற்கரை ஒழுங்கைக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். பஸ்ஸுக்கு முன்னால், சரிவுக்கு எதிராக, அவசரத்தில் வெட்டுவது. இதைவிட மோசமான திரும்பல் இல்லை. அப்படித் திரும்பவே வேண்டாம். ஒழுங்கையைத் தாண்டிப் போய் இடக் கரையில் நிறுத்தி, இறங்கி, வீதி வெளித்த பிறகு தள்ளிக்கொண்டு கடவுங்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்று மேற்கிலிருந்து பக்கவாட்டில்தான் அடிக்கும், அதுவும் உங்கள் 30இல் கை வைக்கும். பஸ் கடந்து போகும்போது காற்று ஒரு கணம் நின்று திரும்ப அடிக்கும், ஹாண்டிலை இரண்டு கையாலும் பிடித்திருங்கள். உயரம் குறைந்த வண்டி என்றால் பின்னுக்கு ஒரு கம்பியில் செம்மஞ்சள் கொடி, வலப்பக்கம் ஒரு கண்ணாடி.

வாங்குங்கள். கல்முனையில் ஓடிய அதே வண்டியை அல்ல, அளந்து பார்த்து எடுத்த ஒன்றை. வேகத்தை 15க்குப் பூட்டி, மைதானத்தில் எட்டுப் போட்டுப் பழகிய பிறகு வீதிக்கு ஏறுங்கள். முதல் மாதம் முடிந்ததும் சைக்கிள் கடை ஒன்றில் பின் சில்லுகளின் கம்பிகளை இறுக்கச் சொல்லுங்கள், புதுச் சில்லில் கம்பி தளருவது வழக்கம். இரண்டு பின் ரயருக்கும் ஒரே அளவு காற்று அடிக்கச் சொல்லவும் மறக்க வேண்டாம். ஒன்றில் குறைந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும், நீங்கள் வீதிச் சரிவு என்று நினைத்துக்கொண்டு ஓடுவீர்கள்.